‘அட்வைஸ்’ அடம்பிடித்தால்: சி-யா எஸ்-ஆ, ஒன்றா பலவா

நாகர்கோவிலில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை போட்டு 18 வருடம் ஆகிறது. கலெக்டருக்கு மனு, லீவ் லெட்டர், பயோடேட்டா, வளைகுடாவுக்குப் போகிற நர்ஸ் பிள்ளைகளின் அனுபவச் சான்று, வக்கீல் குமாஸ்தா கொண்டுவரும் நோட்டீஸ் என்று எல்லாமே என் கீபோர்டு வழியாகப் போயிருக்கிறது. இதில் அடிக்கடி பழுதாகி வந்த ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன், அட்வைஸ்தான். பெரிய பெரிய சொல் என்றால் எல்லோரும் பயந்துபோய் போனில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள், இது ஆறே எழுத்து, தினமும் வாயில் வருகிற சொல் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. அதனால் எந்தக் கோளாறுக்கு எங்கே கைவைக்க வேண்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயர் பிரச்சினை. ஆங்கிலத்தில் இது இரண்டு சொல், தமிழில் எழுதினால் இரண்டும் ‘அட்வைஸ்’ ஆகிவிடும். கடையில் நாங்கள் பேசிக்கொள்வது போலவே இங்கேயும் சொல்கிறேன். சொல்லப்படுகிற அறிவுரை, அதாவது பெயர்ச்சொல், ‘சி அட்வைஸ்’: ஏ, டி, வி, ஐ, சி, இ. அறிவுரை சொல்வது, அதாவது வினைச்சொல், ‘எஸ் அட்வைஸ்’: ஏ, டி, வி, ஐ, எஸ், இ.

அப்புறம் ஒரு டெஸ்டர் வேண்டும். எலக்ட்ரீஷியன் சட்டைப் பையில் செருகியிருப்பாரே, அதுமாதிரி. இந்தச் சொல்லுக்கு டெஸ்டர் ‘இன்ஃபர்மேஷன்’, ‘இன்ஃபார்ம்’ என்ற ஜோடி. சந்தேகம் வந்த இடத்தில் அட்வைஸைக் கழற்றிவிட்டு இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். ‘இன்ஃபர்மேஷன்’ உட்கார்ந்தால் சி. ‘இன்ஃபார்ம்’ உட்கார்ந்தால் எஸ். அர்த்தம் கொஞ்சம் மாறும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம், அந்த இடத்தில் அது உட்காருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

அறிகுறி: ‘ஐ’ வரை அடித்ததும் விரல் நின்றுவிடுகிறது

முக்கால்வாசிப் பேருக்கு இதுதான். காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து பார்க்கலாம்.

சும்மா மறதி என்றால் டெஸ்டர் போதும். ‘ஃபார் யுவர் கைண்ட் இன்ஃபர்மேஷன்’ என்பது தமிழ்நாட்டில் சண்டை போடுகிறவர்கள்கூடச் சொல்லும் வாக்கியம். அந்த இடத்தில்தான் ‘ஃபார் யுவர் கைண்ட் அட்வைஸ்’ வருகிறது, அதனால் சி. ‘கைண்ட்லி இன்ஃபார்ம் மீ’ என்பது காதுக்குச் சரியாக இருக்கிறது, ‘கைண்ட்லி இன்ஃபர்மேஷன் மீ’ என்று யாரும் சொல்லமாட்டோம். அதனால் ‘கைண்ட்லி அட்வைஸ் மீ’ என்றால் எஸ். ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்று ஈமெயில் முடிவில் போடுகிறோமே, அதுவும் எஸ்தான். அதில் சி போட்டு அனுப்பியவர்களின் பட்டியலில் நானும் உண்டு.

டெஸ்டர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமா? அரசியலமைப்புச் சட்டத்தின் 74-வது பிரிவை எடுங்கள். பிரதமர் தலைமையிலான அமைச்சரவை குடியரசுத் தலைவருக்கு ‘டு எய்ட் அண்ட் அட்வைஸ்’ என்று வருகிறது, அது எஸ். அதே வாக்கியத்தில் கொஞ்சம் தள்ளி, அவர் ‘இன் அக்கார்டன்ஸ் வித் ஸச் அட்வைஸ்’ நடக்க வேண்டும் என்று வருகிறது, அது சி. முதல் இடத்தில் இன்ஃபார்ம் உட்காருகிறது, இரண்டாவது இடத்தில் இன்ஃபர்மேஷன். குமாஸ்தா ஒருவர் இதைக் காட்டித்தான் எனக்கே தெளிந்தது. கூட்டிக்கழித்துப் பார்த்தால் இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

டெஸ்டரும் மறந்துபோகும் என்றால் ஐஸ் வையுங்கள். சி அட்வைஸின் வாலில் ‘ஐஸ்’ என்ற ஆங்கிலச் சொல் முழுசாக இருக்கிறது. ஐஸ் ஒரு பொருள், கையில் பிடிக்கலாம், அதனால் பெயர்ச்சொல். எஸ் அட்வைஸின் நடுவில் ‘இஸ்’ இருக்கிறது, அது வினை. பள்ளிப் பிள்ளைகளுக்கு டெஸ்டரைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

அடுத்த காரணம் காது. சி அட்வைஸ் முடிவில் நம்முடைய சாதாரண ‘ஸ்’. எஸ் அட்வைஸ் முடிவில் ஆங்கில ‘இசட்’ ஒலி, வண்டு ரீங்காரம் இடுவதுபோல. தமிழில் அந்த ஒலி கிடையாது, மலையாளத்திலும் கிடையாது. விளவங்கோடு பக்கத்து ஆட்கள் இரண்டு மொழியும் சரளமாகப் பேசுவார்கள், இந்த விஷயத்தில் இரண்டுமே உதவிக்கு வராது. ஆகவே காதில் விழுந்ததை வைத்து எழுதாதீர்கள். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: வினைச்சொல்லின் கடைசியில் தொண்டை அதிர வேண்டும், பெயர்ச்சொல்லின் கடைசியில் காற்று மட்டும்தான் வர வேண்டும். ‘டிவைஸ்’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான், கருவி என்றால் சி, திட்டம் வகுப்பது என்றால் எஸ்.

இந்தக் கோளாறு முற்றினால் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு நானே சாட்சி. கடை தொடங்கிய புதிதில் இலவச சட்ட ஆலோசனை முகாமுக்கு எட்டுக்கு நாலு ஃப்ளெக்ஸ் ஒன்றுக்கு மேட்டர் அடித்துக் கொடுத்தேன். ‘ஃப்ரீ லீகல் அட்வைஸ்’ என்று கொட்டை எழுத்தில், எஸ் போட்டு. கட்டியபிறகு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்து, “மக்கா, மேலே ஏறி ஒரு எழுத்தை மட்டும் மாத்த முடியுமா?” என்று கேட்டார். முடியாது. என் காசில் வேறு அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு சின்னக் கோளாறுகளும் இதோடு சேரும். சிலர் ‘அட்ரஸ்’ நினைவில் இரண்டு டி போடுவார்கள், ஒன்றுதான். பழைய பிரெஞ்சிலிருந்து இந்தச் சொல் வந்தபோது அந்த ஒரு டி-கூட இல்லை, லத்தீனைப் பார்த்துப் பின்னால் ஒட்டவைத்ததுதான். இன்னும் சிலர் வி-க்குப் பதில் டபிள்யூ போடுவார்கள், நமக்கு இரண்டும் ‘வ’ என்பதால். இவை இரண்டுக்கும் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுவிடும்.

அறிகுறி: சிவப்புக் கோடே இல்லை, ஆனாலும் தப்பு என்கிறார்கள்

“அண்ணே, இதுல சிவப்புக் கோடே இல்லியே, பிறகு எப்படித் தப்பு?” என்று ஒரு நர்ஸ் பிள்ளை சண்டைக்கே வந்துவிட்டாள். ஸ்பெல்லிங் செக், அப்படி ஒரு சொல் அகராதியில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. இரண்டு அட்வைஸும் அகராதியில் இருக்கின்றன. எனவே மாறிப்போனால் அது பேசாமல் இருக்கும். சில சாஃப்ட்வேரில் நீலக் கோடு வரும், அதையும் நம்பி உட்காராதீர்கள்.

செய்ய வேண்டியது: எழுதி முடித்ததும் கண்ட்ரோலும் எஃபும் சேர்த்து அழுத்தி ‘ஏ, டி, வி, ஐ’ என்ற நான்கு எழுத்தை மட்டும் தேடுங்கள். ஒவ்வொன்றாக வந்து நிற்கும், ஒவ்வொன்றுக்கும் டெஸ்டர் வையுங்கள். ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

போனில் எழுதினால் இன்னொரு தொல்லை, கீபோர்டு தானாகவே ‘அட்வான்ஸ்’ என்று மாற்றிவிடும். வாடகைக்கு வீடு பார்க்கிறவர் வீட்டுக்காரரிடம் “உங்கள் அட்வான்ஸ் வேண்டும்” என்று அனுப்பினால் என்ன பதில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘அமெரிக்க ஸ்பெல்லிங் சார் அது’ என்று ஒரு சமாதானம் அடிக்கடி வரும். இந்தச் சொல்லுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அமெரிக்காவிலும் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ்தான்.

அறிகுறி: வாலில் ‘ஈ, டி’ சேர்த்ததும் சிவப்புக் கோடு வருகிறது

சி போட்டுக் கடைசியில் ஈடி சேர்த்த ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. ‘டாக்டர் அட்வைஸ்ட் பெட் ரெஸ்ட்’ என்ற லீவ் லெட்டரில் வாரம் ஒருமுறையாவது இதைப் பார்க்கிறேன், மருந்துச் சீட்டில்கூடப் பார்த்திருக்கிறேன். வாலில் ஈடி வந்தாலும் ஐஎன்ஜி வந்தாலும் அது வினை, கண்ணை மூடிக்கொண்டு எஸ். அவ்வளவுதான், இதற்கு டெஸ்டர்கூட வேண்டாம்.

அறிகுறி: ‘அட்வைசஸ்’ என்று எழுதியதைச் சுழித்துத் திருப்பித் தருகிறார்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் வழி இரண்டாகப் பிரிகிறது.

முதலில் கேளுங்கள்: இது பேங்க் சமாச்சாரமா, சரக்கு சமாச்சாரமா?

இல்லை, அப்பா சொன்னது, டாக்டர் சொன்னது, சார் சொன்னது என்றால் கடைசி எஸ்ஸைப் பிடுங்கிவிடுங்கள். இந்த அர்த்தத்தில் சி அட்வைஸுக்குப் பன்மை கிடையாது. தமிழில் அறிவுரைகள், ஆலோசனைகள் என்று தாராளமாகச் சொல்கிறோம், அந்தப் பழக்கம்தான் காரணம். டெஸ்டர் இங்கேயும் வேலை செய்யும், இன்ஃபர்மேஷனுக்கும் எஸ் கிடையாது. ஆனால் அதையும் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு டெஸ்டரே பழுது. அப்படியானால் அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் போய் “பத்து அரிசி கொடுங்க” என்று கேட்கமாட்டோம், பத்து கிலோ அரிசி என்போம். அட்வைஸும் அரிசி ஜாதி. எண்ண வேண்டுமென்றால் அளவு ஒன்று முன்னால் வர வேண்டும், ஆங்கிலத்தில் அந்த கிலோவுக்குப் பெயர் ‘பீஸ்’. ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘த்ரீ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’. பீஸுக்குத்தான் பன்மை, அட்வைஸ் அசையாமல் நிற்கும். எழுதும்போது ‘எ வேர்ட் ஆஃப் அட்வைஸ்’ என்றும் சொல்லலாம், கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

எஸ்ஸைப் பிடுங்கியபிறகு சுற்றுப்புறத்தையும் பாருங்கள், ஓட்டை அடைத்துவிட்டு ஈரத்தைத் துடைக்காமல் போகிற மாதிரி ஆகிவிடக் கூடாது. முன்னால் ‘ஆன்’ என்ற ஒருமைச் சொல் இருக்கிறதா? ‘ஆன் அட்வைஸ்’ கூடாது, ‘எ குட் அட்வைஸ்’ என்பதும் கூடாது. ‘சம் அட்வைஸ்’, ‘சம் குட் அட்வைஸ்’ என்று மாற்றுங்கள். ‘மெனி’ இருந்தால் ‘மச்’ அல்லது ‘எ லாட் ஆஃப்’. பின்னால் ‘ஆர்’, ‘வேர்’ இருந்தால் ‘இஸ்’, ‘வாஸ்’. அடுத்த வாக்கியத்தில் ‘தெம்’ என்று சுட்டியிருந்தால் ‘இட்’. பத்து அறிவுரை சொல்லியிருந்தாலும் ஆங்கிலத்தில் அது ‘இட்’தான். இந்தக் கடைசி ஒன்றை நான் பல வருடம் விட்டிருக்கிறேன்.

ஆம், பேங்க் சமாச்சாரம்தான் என்றால் கையை எடுத்துவிடுங்கள். பணம் அனுப்பியதற்கான தகவல் சீட்டுக்கும் ‘பேமென்ட் அட்வைஸ்’ என்றுதான் பெயர், ‘கிரெடிட் அட்வைஸ்’, ‘டெபிட் அட்வைஸ்’ என்றெல்லாம் உண்டு, சரக்கு அனுப்பியதற்கு ‘டிஸ்பாட்ச் அட்வைஸ்’. அங்கே அது ஒரு காகிதம், எண்ணலாம், ஒன்று, இரண்டு, மூன்று. பன்மையில் எஸ் வரும், அது சரி.

குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவர் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் ‘த்ரீ பேமென்ட் அட்வைசஸ்’ என்று இருந்தது. அப்போது எனக்கு இலக்கண மிதப்பு வேறு. எஸ்ஸையும் எடுத்து, ‘த்ரீ’யையும் எடுத்து, வாக்கியத்தை அழகாகத் திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்தார், “நான் மூணு சீட்டு வச்சு அனுப்பினேன், நீரு லெட்டர்ல எத்தனைன்னே போடலியே ஓய்? அவன் ரெண்டுதான் வந்ததுன்னு சாதிக்கான்” என்றார். அதிலிருந்து திருத்துவதற்கு முன்னால் இது எந்த அட்வைஸ் என்று கேட்டுவிடுகிறேன்.

மூன்றாவதாக ஒரு சந்தும் இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் ‘அட்வைஸரி’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களைச் சொல்லி வெளியிடுவதற்கு ‘பொட்டென்ஷியல் ஃபிஷிங் ஸோன் அட்வைஸரி’ என்று பெயர். இது தனிச் சொல், இதை எண்ணலாம், ‘ஆன் அட்வைஸரி’, ‘டூ அட்வைஸரீஸ்’. இதில் நடு எழுத்து எஸ். பொது எச்சரிக்கை, அறிவிப்பு என்ற அர்த்தம்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் இதைப் போட்டுவிட்டால் பன்மைத் தகராறே வராது.

அறிகுறி: எழுத்து, இலக்கணம் எல்லாம் சரி, படித்தவருக்குக் கோபம் வருகிறது

இது அர்த்தக் கோளாறு, டெஸ்டரில் தெரியாது. தமிழில் அட்வைஸ் என்றாலே ஒரு வாடை உண்டு. “சும்மா அட்வைஸ் பண்ணாதே” என்றால் புத்தி சொல்லி அறுக்காதே என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அந்த வாடை இல்லை, ஆனால் மேலும் கீழும் உண்டு. விஷயம் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வதுதான் அட்வைஸ்.

ஒரு ரோட்டு மனுவில் ‘ஐ அட்வைஸ் யூ டு ரிப்பேர் தி ரோட்’ என்று எழுதி வந்தார் ஒரு பெரியவர். எஸ் சரி, வாக்கியம் சரி. ஆனால் அதிகாரிக்கு அவர் புத்தி சொல்லிக்கொடுக்கிற தொனி வந்துவிட்டது. மனுவில் நீங்கள் கேட்கிற இடத்தில் இருக்கிறீர்கள், ஆகவே ‘ரிக்வெஸ்ட்’. உங்களுக்கு மேலே இருப்பவரிடம் போகிற கடிதத்தில் எஸ் அட்வைஸுக்கு முன்னால் ‘ஐ’ இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்று அவரிடம் கேட்பது வேறு விஷயம், அது தாராளமாகப் போகும்.

‘ப்ளீஸ் பி அட்வைஸ்ட் தட்’ என்று கம்பெனிக் கடிதம் வந்தால் யாரும் உங்களுக்குப் புத்தி சொல்லவில்லை, தெரிவித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். அதைப் பார்த்து “என்னத்துக்கு எனக்கு அட்வைஸ் பண்ணுதான்?” என்று கொதித்தவரைச் சமாதானப்படுத்திய அனுபவம் உண்டு.

இதற்கு நேர் எதிர்க் கோளாறும் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. வானிலை அறிக்கையில் ‘ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் இன்டு தி ஸீ’ என்று வரும். அட்வைஸ்தானே, கேட்டால் கேட்கலாம் விட்டால் விடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து போன இந்த மாவட்டத்தில் அந்த வாக்கியத்தை லேசாக மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. ‘போக வேண்டாம்’ என்றே சொல்லிவிடுவேன். டிஸ்சார்ஜ் காகிதத்தில் ‘அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்’ என்று இருந்தாலும் அப்படித்தான், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நம் பொறுப்பில் போகிறோம் என்று அர்த்தம். அதில் கையெழுத்துப் போடும் முன் அந்த சி அட்வைஸ் என்னவென்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அறிகுறி: ‘அட்வைஸ்ட்’ வரை நேராக வந்து, அதன்பின் வாக்கியம் கோணுகிறது

காரணம் பெரும்பாலும் நம்முடைய ‘என்று’. ‘எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடாதே என்று டாக்டர் சொன்னார்’ என்பதை அப்படியே எடுத்து ‘டாக்டர் அட்வைஸ்ட் தட் டோன்ட் ஈட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘தட்’டையும் ‘டோன்ட்’டையும் எடுத்துவிட்டு, யாரிடம் சொன்னார் என்பதை உடனே வையுங்கள், அப்புறம் ‘நாட் டு’: ‘தி டாக்டர் அட்வைஸ்ட் மீ நாட் டு ஈட்’. செய்யச் சொன்னால் ‘மீ டு’. எதைப் பற்றி என்றால் ‘ஆன்’ (ஓ, என்; முன்னால் கூடாது என்ற ஏ, என் ‘ஆன்’ இல்லை), ‘அட்வைஸ்ட் மீ ஆன் டயட்’, பெயர்ச்சொல்லுக்கும் அதே ‘ஆன்’தான். வேண்டாம் என்று மட்டும் சொல்ல ‘அகெய்ன்ஸ்ட்’ போதும், ‘அட்வைஸ்ட் அகெய்ன்ஸ்ட் டிராவல்’.

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிற நர்ஸ்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்தத் தேர்வில் எழுதுவதற்குக் கொடுப்பது 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். கேஸ் நோட்ஸில் ‘அட்வைஸ்ட் ரெஸ்ட்’ என்று தந்தி மாதிரி இருக்கும், அதை அப்படியே கடிதத்தில் இறக்கிவிடாதீர்கள். ‘ஷி வாஸ் அட்வைஸ்ட் டு ரெஸ்ட்’ என்று முழு வாக்கியமாக்குங்கள். ‘வாஸ்’ஸை விட்டால் நோயாளியே டாக்டருக்குப் புத்தி சொன்ன கதையாகிவிடும்.

அறிகுறி: தமிழாக்கும்போது ‘அறிவுரை’ ஒட்டமாட்டேன் என்கிறது

ஒட்டாதுதான், எல்லா இடத்துக்கும் ஒரே சொல் போட்டால். சொன்னவர் யார் என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர் என்றால் அறிவுரை, புத்திமதி. டாக்டர், வக்கீல், அமைச்சரவை என்றால் ஆலோசனை. அரசு அறிவிப்பு என்றால் அறிவுறுத்தல். பேங்க் என்றால் தகவல் சீட்டு என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், ‘பண அறிவுரை’ என்று ஒருமுறை பார்த்து அரைமணி நேரம் சிரித்திருக்கிறேன்.

அறிகுறி: அட்வைஸ் சரியானபின் லைசென்ஸும் ப்ராக்டிஸும் குழம்புகின்றன

நல்ல அறிகுறிதான். அதே விதி இவற்றுக்கும் உண்டு: பெயருக்கு சி, வினைக்கு எஸ். 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘டிரைவிங் லைசென்ஸ்’ சி போட்டும், அதைக் கொடுக்கிற ‘லைசென்சிங் அத்தாரிட்டி’ எஸ் போட்டும் இருக்கும். 1961-ஆம் வருடத்து வக்கீல்கள் சட்டத்தின் 30-வது பிரிவில் ‘ரைட் டு ப்ராக்டிஸ்’ எஸ்தான், அங்கே அது வினை. ஆனால் இவை இரண்டிலும் காது உதவவே உதவாது, பெயரும் வினையும் ஒரே உச்சரிப்பு. அமெரிக்கர்கள் லைசென்ஸுக்கு எப்போதும் எஸ், ப்ராக்டிஸுக்கு எப்போதும் சி என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே அட்வைஸில் செல்லாத அந்த அமெரிக்கச் சமாதானம் இங்கே செல்லும், ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காத வரை.

ஆலோசகர் என்பதற்கு ‘அட்வைஸர்’ வாலில் ஈஆர் போடலாம், ஓஆரும் போடலாம், இரண்டும் சரி. விசிட்டிங் கார்டு என்றால் அந்த நிறுவனம் எப்படி எழுதுகிறதோ அப்படி.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

லீவ் லெட்டர், மனு, வாட்ஸ்அப் எல்லாம் நீங்களே போதும். ஃப்ளெக்ஸ், கல்வெட்டு, அழைப்பிதழ் மாதிரி அடித்தபின் அழிக்க முடியாதவற்றை அச்சுக்கு முன்னால் ஊரில் இருக்கும் ஒரு ஆங்கில வாத்தியாரிடம் காட்டுங்கள், ஒரு டீ செலவு. வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பம், பத்துப் பக்கத்துக்கு மேல் அறிக்கை என்றால் காசு கொடுத்துப் பிழைதிருத்துபவரிடம் விடுங்கள், அதில் அட்வைஸ் மட்டுமா தப்பாக இருக்கப்போகிறது.

வக்கீல் நோட்டீஸ், அஃபிடவிட், ஒப்பந்தம் ஆகியவற்றில் தப்பான எஸ் கண்ணில் பட்டாலும் நீங்களோ நானோ தொடக் கூடாது, வக்கீலிடம் சுட்டிக்காட்டுங்கள், அவர் மாற்றட்டும். அங்கே ‘அட்வைஸ்’ என்றால் ஆலோசனையா தகவலா என்பதே வழக்காகலாம்.

கையெழுத்தும் முத்திரையும் விழுந்த காகிதம் என்றால் பேனாவை மூடிவையுங்கள். அனுபவச் சான்றில் ‘சி, ஈ, டி’ என்று அசிங்கமாக இருக்கிறதே என்று ஒயிட்னர் வைத்துத் திருத்திக்கொண்டு வந்த பிள்ளை ஒருத்தி உண்டு. தப்பு ஸ்பெல்லிங்கோடு அது செல்லும் காகிதமாக இருந்தது, திருத்தியபின் செல்லாக் காகிதம் ஆகிவிட்டது. கொடுத்த ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போய், வேறு பிரிண்ட் எடுத்து, மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருந்தார், ஒன்பது நாள் அலைந்தாள்.